கம்பளிக்குள் இருந்த காக்கிச்சட்டை

அன்னத்தாய் அக்கா இறந்துவிட்டார். சாந்தன்பாறையில் இன்று காலை அடக்கம். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு இதை டைப் செய்கிறேன்... துக்கத்தில் இல்லை, கோபத்தில்.

இங்கே இதைப் படிக்கிற பாதிப் பேருக்கு அவரைத் தெரியாது. என்னோடு ஏலத்தோட்டத்தில் காய் எடுத்தவர். அதற்கு முன்னால் ஒரு போலீஸ்காரரின் மனைவி. செல்லையா அண்ணன், போடிமெட்டில் கேரள எல்லைச் செக்போஸ்ட்டில் கான்ஸ்டபிள். எழுபதுகளில் லாரி ஏற்றிக் கொல்லப்பட்டவர்.

கொல்லப்பட்டவர் என்று நான்தான் சொல்கிறேன். சர்க்கார் கணக்கில் அது விபத்து.

மழைக்காலத்தில் மெட்டுக் குளிர் எப்படி இருக்கும் என்று அங்கே நின்றவர்களுக்குத் தெரியும். செக்போஸ்ட்டுக்கு வந்த மழைக்கோட்டு பெரிய அதிகாரிகளுக்கே சரியாகப் போய்விட்டது. கான்ஸ்டபிளுக்கு வெறும் காக்கிச்சட்டைதான். அக்கா போடிச் சந்தைக்கு இறங்கிப் போய் ஒரு கம்பளி வாங்கி வந்து கொடுத்தார்.

ஒரு மத்தியானம்... நல்ல மூடுபனி. பில் இல்லாத ஏலக்காய் மூட்டைகளோடு ஒரு லாரி போடிப் பக்கம் இறங்க வந்தது. அந்த லாரி வந்தால் தடுப்பு மூங்கிலைத் தூக்கிவிடுவதுதான் மெட்டில் வழக்கம். அன்றைக்கு டூட்டியில் இருந்த அண்ணன் தூக்கவில்லை. கையை நீட்டிக்கொண்டு நடுரோட்டில் போய் நின்றார்.

லாரி நிற்கவில்லை. அது யார் லாரி என்று மெட்டில் திரிகிற நாய்க்கும் தெரியும்.

"கம்பளி போர்த்திக்கொண்டு யாரோ வழிப்பறிக்காரன் நிற்கிறான் என்று நினைத்தேன், பயந்துபோய் ஓட்டிவிட்டேன்" என்றானாம் டிரைவர். பட்டப்பகலில், செக்போஸ்ட் வாசலில், வழிப்பறிக்காரன்! அதையும் கேட்டு எழுதிக்கொண்டார்கள்.

அப்புறம் என்கொயரிக்கு அக்காவைக் கூப்பிட்டார்கள். பக்கத்து வீடு என்பதால் துணைக்கு நான் போனேன். மேஜை மேல் அந்தக் கம்பளி கிடந்தது.

"இது நிங்ஙள்டெ கம்பிளியாணோ?" என்று கேட்டார் அதிகாரி.

அக்கா மனதில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். புருஷனைக் குளிரில் விட்டுவிட்டாள் என்று யாரும் தன்னைச் சொல்லிவிடக் கூடாது.

"ஆமாங்கய்யா, நாந்தேன் வாங்கிக் குடுத்தேன். களுத்துல இருந்து முட்டிக்குக் கீழ வரைக்கும் ஒரு இடம் தெரியாம மூடுற மாதிரி பெருசாப் பாத்து வாங்குனேன். அன்னைக்கும் நாந்தேன் போத்தி விட்டேன்."

அதிகாரி தலையை ஆட்டினார். பக்கத்தில் இருந்தவர் எழுதினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா கேட்டார், "நா நல்லாத்தானடி சொன்னேன்?" நல்லாத்தான் சொன்னீக என்றேன். எனக்கும் என்ன தெரியும் அந்த வயதில்...

யூனிஃபார்ம் வெளியே தெரியவில்லை, அதற்கு மனைவியே சாட்சி. அப்படித்தான் கேஸ் முடிந்தது. டிரைவர் வெளியே வந்தான். டூட்டியில் இறந்தவர் என்ற கணக்கில் அண்ணனைச் சேர்க்கவில்லை. அக்காவுக்கு வாரிசு வேலை கிடையாது. போலீஸ் நினைவு நாளில் அண்ணன் பேரை வாசிக்கவும் இல்லை.

வயிறு என்று ஒன்று இருக்கிறதே. கைப்பிள்ளையோடு அக்கா வேலை கேட்டுப் போய் நின்றது அந்த லாரி முதலாளியின் தோட்டத்தில்தான். சுற்றுவட்டாரத்தில் பாதி அவருடையது, வேறு எங்கே போவது? முதலாளி உடனே வேலை கொடுத்தார். "போலீஸ்காரன் பொஞ்சாதிக்கு வாழ்வு குடுத்த மகராசன்" என்று ஊரே புகழ்ந்ததை என் காதால் கேட்டேன். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற மகராசன்.

அங்கே வருஷா வருஷம் தொழிலாளிக்குக் கம்பளி கொடுப்பார்கள். முதலாளி கையால் வாங்க வேண்டும். அக்காவும் வரிசையில் நின்று வாங்குவார், லயத்து வீட்டுக்கு வந்ததும் என் மடியில் போட்டுவிடுவார். "நீயே வச்சுக்கடி, எனக்குக் குளுரலை." மறுநாள் மழையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு காய் எடுக்க வருவார்.

எனக்குப் பொறுக்காது. ஒருநாள் காய் எடுக்கும்போது கேட்டேவிட்டேன், "அந்தாளு வந்தா எதுக்குக்கா எந்திரிச்சு நிக்கிறீக?"

"எம்மக படிக்கணும்ல" என்றார்.

மகள் படித்தாள். நர்ஸ் ஆனாள். நேற்று ராத்திரி அவள்தான் எனக்குப் போன் செய்தாள்.

இன்று அடக்கத்துக்கு அந்த முதலாளியின் பேரன் மலர்வளையத்தோடு வந்தார். அதற்குள் ஃபேஸ்புக்கில் போட்டோவும் ஏறிவிட்டது. "எங்கள் குடும்பத்தில் ஒருவர்" என்று எழுதியிருக்கிறார். லைக் குவிகிறது... குவியட்டும்.

அவர் காருக்கு வழி ஒதுக்க ஸ்டேஷனில் இருந்து ஒரு போலீஸ்காரப் பெண்ணை அனுப்பியிருந்தார்கள். சின்ன வயது. இதுவும் ஒரு போலீஸ்காரர் வீடுதான் என்று அவளிடம் சொன்னேன். அவள் முகம் மாறியது.

"டூட்டியில் மரிச்சதாணோ அம்மே?"

பேரன் பக்கத்தில்தான் நின்றார். அக்கா மகள் என்னையே பார்த்தாள். இந்தக் கேள்விக்கு அக்கா நாலு பேர் முன்னால் வாய் திறந்து ஒரு நாளும் பதில் சொன்னதில்லை. சொல்ல முடிந்ததில்லை.

"ஆமா. டூட்டியிலதேன். இவுக தாத்தா லாரிதேன் ஏத்துச்சு" என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

பேரன் குனிந்து போனைப் பார்த்தார். அந்தப் பெண் போய் அவர் காருக்கு வழி ஒதுக்கினாள். அவளுக்கும் வேலை வேண்டுமே.

போய்ட்டு வாங்கக்கா.

செல்லையா அண்ணன் டூட்டியில்தான் செத்தார். கமெண்டில் வந்து யாரும் திருத்த வேண்டாம்.