டிரம்மரிடம் சொன்ன பொய்

மூன்று வருஷத்துக்கு முன்னால் நடந்தது இது. கோவில்பட்டியில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு ராக் பேண்ட் வைத்திருந்தோம். இப்போதும் வைத்திருக்கிறோம். கனத்த கிட்டார், கரகரத்த குரல், இந்த வகை ராக்கைப் போஸ்ட்-கிரஞ்ச் என்பார்கள். வார்த்தைகள் மட்டும் எங்கள் ஊர்த் தமிழ். கழுகுமலை ரோட்டில் டிரம்மரின் அப்பாவுக்குச் சொந்தமான பழைய தீப்பெட்டி குடோனில்தான் ஒத்திகை. தகரக் கூரை. மத்தியானத்தில் சட்டையைப் பிழியலாம்.

மழைக்குக் காத்திருக்கும் பருத்திக்காட்டைப் பற்றி நாங்கள் பாடிய பாட்டு இணையத்தில் பரவி, பெங்களூரில் ஒரு பெரிய மேடைக்கு அழைப்பு வந்தது. ஒரே நிபந்தனை, டிரம்ஸ் மட்டும் அவர்கள் ஆள் வாசிப்பார். எங்கள் டிரம்மருக்கு அங்கங்கே வேகம் கூடிவிடும். அது எங்களுக்கும் தெரியும். மற்ற மூவரும் சரி என்றோம். அவனிடம் சொல்கிற வேலை என் தலையில் விழுந்தது. எனக்குத் தைரியம் வரவில்லை.

"நிகழ்ச்சி தள்ளிப்போயிட்டுலே" என்று போனில் சொன்னேன்.

"சரிலே, அதுக்குள்ள இன்னும் நல்லா பழகிருவோம்" என்றான்.

மேடையில் முதல் இரண்டு பாட்டுக்கும் கூட்டம் சும்மா நின்றது. எங்கள் காதுக்கு எல்லாம் சரியாகத்தான் கேட்டது. அடுத்த பாட்டு எது என்று பார்க்கப் போனை எடுத்தேன். அவனிடமிருந்து மெசேஜ். "ஏலே, லைவ்ல பாக்கேன். உன் கிட்டார் வெளிய கேக்கவே இல்ல. சவுண்டு ஆளுகிட்ட ஏத்தச் சொல்லு."

சவுண்டுக்காரருக்குச் சைகை காட்டினேன். அவர் என் சத்தத்தை ஏற்றினார். அடுத்து பருத்திக்காட்டுப் பாட்டு. கூட்டம் எங்களோடு சேர்ந்து கத்தியது. அந்த வீடியோவைப் பார்த்துத்தான் எங்களுக்கு அடுத்தடுத்து மேடைகள் வந்தன.

ஊர் திரும்பியதும் நேராகக் குடோனுக்குப் போனேன். தனியாக வாசித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை. முழுசும் வாசித்து முடித்துவிட்டுத்தான் பேசினான்.

"பொய் எதுக்குலே? நேரா சொல்லிருந்தா, எந்த இடத்துல எப்படி அடிக்கணும்னு அந்த ஆளுக்கு நானே சொல்லிக் குடுத்திருப்பேன்."

மன்னிப்புக் கேட்டேன். அவன் எங்களோடு மறுபடி வாசிக்க நாலு மாசம் ஆனது. அந்த நாலு மாசமும் எங்களிடமிருந்த குடோன் சாவியை மட்டும் அவன் திருப்பிக் கேட்கவே இல்லை.

அவனால் தாங்க முடியாது என்று நானே முடிவு கட்டினேனே, அவனை ஒதுக்கியதைவிட அதுதான் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.