மஞ்சள் துணுக்குகள்

"பட்டன் கேட்டு எனக்கென்னம்மா ஆகப்போவுது? என் காதுதானே கேக்கணும்!" என்று என் மகள் சீறினாள்.

நானும் விடவில்லை. "டிஜேன்னு சொல்லிக்கிறவன் எல்லாம் லேப்டாப்புல ஒரு பட்டனைத் தட்டுறான், ரெண்டு பாட்டும் தானா சேந்துக்குது. உனக்கு மட்டும் எதுக்குடி இந்தக் கறுப்பு ரெக்கார்டுத் தட்டு? நாப்பது வயசுல பாட்டுப் போடப் போறாளாம்!"

"முப்பத்தெட்டு."

"ஆமா, ரொம்பக் கொறஞ்சு போச்சு."

பகலெல்லாம் சலவைக்கூடத்தில் நின்று ஓட்டல் விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். வீட்டுக்கு வந்ததும் அந்தத் தட்டுகளைச் சுழற்றும் பழைய டர்ன்டேபிள் இரண்டின் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். என் வீட்டுக்காரர் செத்ததும் அவர் கட்டிலை விற்று அந்த இடத்தில் வைத்தவை அவை. ஒன்றில் பாட்டு ஓடும். மற்றதை ஹெட்போனில் ஒரு காதால் கேட்டு, வேகத்தைக் கூட்டிக் குறைத்து, இரண்டின் தாள அடியும் ஒன்றாய் விழவைப்பாள். இரண்டு பேர் பீரோ தூக்கிப் படியிறங்குவது மாதிரி. ஒருத்தர் கால் முந்தினால் தீர்ந்தது. எட்டு மாதம் எனக்கு பீரோ விழுகிற சத்தம்தான் கேட்டது. அப்புறம் ஒருநாள், எந்தப் பாட்டு எங்கே முடிந்தது என்றே தெரியவில்லை. நல்லாயிருக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

விழா மண்டபத்துக்காரர் தினமும் பாட்டுப் போட ஆள் தேடினார். அரைமணி போட்டுக் காட்டச் சொன்னார். கிடைத்தால் இஸ்திரிக்கு முழுக்குப் போடலாம் என்றிருந்தாள்.

அன்று காலை தட்டுகளைத் துடைத்து வைத்தேன். ஒவ்வொன்றின் நடுவிலும் மஞ்சள் காகிதத் துணுக்கு. கடைக்காரன் ஒட்டிய விலைச்சீட்டு என்று நகத்தால் சுரண்டி எறிந்தேன். குரங்கு கையில் பூமாலை.

பாட்டின் முதல் அடி எங்கே என்று காட்ட அவளே ஒட்டிய குறிகள் அவை. மண்டபத்தில் முதல் பாட்டு முடிந்தது. அடுத்ததன் தொடக்கம் அகப்படவில்லை. பத்து எண்ணும் நேரம் மண்டபம் பாட்டில்லாமல் இழவு வீடாகக் கிடந்தது. கடைசி நாற்காலியில் நான் கல்லாய் உட்கார்ந்திருந்தேன். பிறகு கையால் தட்டைத் திருகித் திருகி, காதாலேயே தேடிப் பிடித்து, அரைமணியையும் முடித்தாள். ஓர் அடி பிசகவில்லை. பட்டனில் பழகியவனுக்கு அது ஏழு ஜென்மத்துக்கும் வராது.

"காது நல்ல காதுதாம்மா. ஆனா ஹால் செத்துப்போச்சே! லேப்டாப்போட வா, பாக்கலாம்" என்றார் மண்டபத்துக்காரர்.

வழியில் கேட்டாள்: "யாரும்மா பிச்சது?"

"நான்தான். விலைச்சீட்டுன்னு நெனச்சேன்."

"சரி" என்றாள். சீறியிருந்தால் தேவலை.

இப்போது அங்கே அவள்தான் பாட்டுப் போடுகிறாள், சனிக்கிழமை மட்டும். மற்ற நாளுக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்; அவளுக்கு இஸ்திரிதான். பாட்டுகளைப் பட்டன் சேர்த்துவைக்கிறது, ஹெட்போன் கழுத்தில் சும்மா தொங்குகிறது. அந்த லேப்டாப் வாங்க டர்ன்டேபிள் இரண்டும், தட்டு நாற்பத்தொன்றும் விலைக்குப் போய், மேற்கொண்டு மூன்று மாத இஸ்திரிக் கூலியும் ஆயிற்று.