ஏழு அம்பு ஒட்டிய டிரம்

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள்: நான், அம்மா, மாடியில் குடியிருக்கும் வீட்டுக்காரர், கொசுப்புழு பார்க்க வந்த இரண்டு அக்காக்கள், பக்கத்து அறை ஒடிசாக்காரர். மொத்தம் ஆறு பேர். அப்பா தூத்துக்குடிக்கு லோடு ஏற்றிக்கொண்டு போயிருந்தார். ஆனாலும் இந்தக் கதையைச் சொல்லும்போது பக்கத்தில் நின்று பார்த்த மாதிரியே சொல்வார். அவரை நான் சேர்க்கவில்லை. மீன்களையும் சேர்க்கவேண்டும் என்றால், விற்பனைக்குத் தயாரான கப்பி ஐம்பது ஜோடி. காலையில் மூன்று தடவை எண்ணினேன். இரண்டு தடவை சரியாக வந்தது. ஒரு தடவை ஒரு மீன் கூடுதலாக வந்தது. அந்த ஒரு மீன் எங்கிருந்து வந்திருக்கும் என்ற யோசனையில் காலைச் சோறு இறங்கவில்லை.

எனக்கு அப்போது பதினாறு வயது. பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையன்று காய்ச்சல் வந்து படுத்தவள், அதற்கப்புறம் பள்ளிக்கூடம் பக்கமே போகவில்லை. காய்ச்சலால் பரீட்சை போனதா, பரீட்சையால் காய்ச்சல் வந்ததா என்று அம்மா இன்றைக்கும் கேட்பாள்.

நாங்கள் இருந்தது பல்லடம் ரோட்டை ஒட்டிய ஒரு லைன் வீட்டில். வரிசையாகப் பத்து அறை, பொதுவில் ஒரு குழாய். எங்களுடையது கடைசி அறை. அதனால் பக்கச் சுவரோரம் கொஞ்சம் இடம் கிடைத்தது. அங்கே மூன்று நீல டிரம்களின் மேல்பாதியை அறுத்தெடுத்துவிட்டு, அதில் மீன் வளர்த்தேன். ஒன்றில் தாய் மீன்களும் குஞ்சுகளும். ஒன்றில் விற்கப்போகிற மீன்கள். மூன்றாவதில் கொசுப்புழு.

கொசுப்புழு எதற்கு என்றால், கப்பிக்கு அதைப்போல ஒரு தீனி கிடையாது. அதைத் தின்றால் ஆண் மீனின் வாலில் நிறம் ஏறும். பொழுது சாயும்போது அந்த டிரம்மைத் திறந்து வைப்பேன். கொசு வந்து முட்டையிடும். காலையில் மூடிவிடுவேன். தினமும் வடிகட்டி, ஒரு புழுகூடக் கொசுவாகாமல் மீனுக்குப் போட்டுவிடுவேன். அப்படியும் மனசு கேட்காது. லைனில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் என் கொசுவால்தான் வந்தது என்று நினைப்பேன். ஒருமுறை வீட்டுக்காரர் நான்கு நாள் படுத்துவிட்டார். கல்யாண வீட்டில் கறிச்சோறு அதிகமாகத் தின்றதுதான் காரணம் என்று தெரியும்வரை நான் அவருக்கு இரண்டு வேளை கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தேன். எதற்கு இத்தனை அன்பு என்று புரியாமல் அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தாள். தைத்து வரும் துணியை வெளிச்சத்தில் விரித்து, ஓட்டை, கறை, நிறம் மாறிய இடம் எல்லாம் கண்டுபிடித்து, அந்த இடத்தில் அம்பு வடிவச் சின்னச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டவேண்டும். அம்பு ஒட்டினால் டேமேஜ். பதினெட்டு வருஷமாக இதே வேலை. சாப்பிட உட்கார்ந்தால் தோசையைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் தட்டில் போடுவாள்.

மீன் விஷயத்தில் அம்மாவுக்கும் எனக்கும் ஒரு பேச்சு இருந்தது.

"தீபாவளி வரைக்கும் பாரு. மீனு வித்துக் காசு கண்ணுல பட்டுச்சுன்னா உன்ற இஷ்டம். இல்லீன்னா லீவு முடிஞ்சு கம்பெனி தொறக்கற அன்னிக்கு என்ற கூட வேன்ல ஏறிரோணும்" என்று சொல்லியிருந்தாள்.

கம்பெனி என்றாலே எனக்கு நடுக்கம். வேலைக்கு அஞ்சியதாக நினைக்கவேண்டாம். அங்கே தையல் மெஷினில் ஊசி உடைந்தால், உடைந்த துண்டுகள் எல்லாம் கிடைக்கிறவரை வேலையை நிறுத்தித் தேடுவார்கள் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். ஊசி முனை காணாமல் போய், ஐம்பது பேர் தரையில் குனிந்து தேட, எல்லாரும் என்னையே முறைக்கிற மாதிரி எனக்குக் கனவு வரும். எனக்குத் தையல் மெஷினில் உட்காரவே தெரியாது. ஆனாலும் கனவில் உடைப்பது நான்தான்.

அதனால் ஐம்பது ஜோடியும் என் உயிர். பல்லடத்தில் மீன் கடை வைத்திருந்த அண்ணன் ஜோடி இருபது ரூபாய் என்று பேசி, ஆயிரம் ரூபாய் முன்பணம் கொடுத்திருந்தார். அதில் ஏர் மோட்டாரும் குழாயும் டிரம்மும் வாங்கியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மீனைக் கொடுக்கவேண்டும். இது வியாழக்கிழமை.

விற்கிற மீன் இருந்த டிரம்மில் யாராவது சோப்புத் தண்ணீரை ஊற்றிவிடுவார்களோ என்ற பயத்தில், புதன்கிழமை சாயங்காலம் அதற்கு அடையாளம் வைத்தேன். மூன்று டிரம்மும் ஒரே நீலம், மூன்றையும் மூடியிருந்தது ஒரே வெள்ளைக் கட்டிங் வேஸ்ட் துணி. அம்மாவின் பைக்குள் அம்பு ஸ்டிக்கர் ரோல் ஒன்று பாதி தீர்ந்து கிடந்தது. அதில் ஒன்றை எடுத்து ஒட்டினேன். ஒன்று போதாது என்று தோன்றியது. சுற்றிலும் ஏழு ஒட்டினேன். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் கண்ணில் படவேண்டும் இல்லையா?

வியாழக்கிழமை, சாயம் போடும் டையிங்கிலிருந்து துணி வரவில்லை என்று அம்மாவுக்கு லீவு. பத்தரை மணி இருக்கும். முதல் அறையில் குரல் கேட்டது: "டிரம்மு, தொட்டி எல்லாம் தொறந்து காட்டுங்கொ! டெங்கு செக்கிங்!"

அபராதம், போலீஸ், பேப்பரில் என் படம் வரைக்கும் அந்த நிமிஷத்தில் யோசித்துவிட்டேன்.

"அம்மா, புழு இருக்கற டிரம்மைச் சாக்கடைல கவுத்துரு. நான் போயி அவங்களப் பேச்சுக் குடுத்து நிறுத்தறேன்" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

முன்னால் போய் நின்றேனே தவிர, என்ன பேச்சுக் கொடுப்பது என்று தெரியவில்லை. "வெயில்ல வந்திருக்கீங்க, மோரு குடிக்கிறீங்களாங்க்கா?" என்றேன். எங்கள் வீட்டில் மோர் இல்லை.

கையில் டார்ச்சும் அகப்பையும் வைத்திருந்த பெரிய அக்கா, "மோரு கெடக்கட்டும் கண்ணு. நீ ஏன் இப்புடி வேத்து நிக்கறே?" என்றார். நோட்டு வைத்திருந்த சின்ன அக்கா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "காய்ச்சல் இல்லக்கா" என்று சொல்லி எழுதிக்கொண்டார்.

பின்னால் 'சளக்' என்று சத்தம் கேட்டது. எனக்கு உயிர் வந்தது.

இரண்டு பேரும் கடைசி அறைக்கு வந்தார்கள். முதல் டிரம்மைத் திறந்தார்கள்: குஞ்சு மீன். "அட, நல்லாருக்குதே" என்றார் பெரிய அக்கா. அடுத்த டிரம்மைத் திறந்தார்கள்.

"அக்கா, இதுல பூராப் புழு நெளியுது" என்றார் சின்ன அக்கா.

பெரிய அக்கா டார்ச் அடித்துப் பார்த்தார். "ஏங் கண்ணு, ஊருக்கே சப்ளை பண்றயா நீயி?"

அது என் காதில் விழவில்லை. சாக்கடையோரம் மூன்றாவது டிரம் கவிழ்ந்து கிடந்தது. அதன்மேல் ஏழு சிவப்பு அம்பு.

"அம்மா, எதைக் கவுத்தே?"

"அம்பு ஒட்டுனதைத்தான். நீதான ஒட்டி வெச்சிருந்தே?"

"அது நல்ல மீனும்மா!"

"நல்ல மீனுக்கு எவளாச்சும் அம்பு ஒட்டுவாளா? அதுவும் ஏழு! ஒண்ணு ஒட்டுனாலே டேமேஜ். ஏழு ஒட்டுனா சரக்கை வெட்டி வீசிருவாங்கொ!"

எங்கள் சாக்கடை பத்தடி ஓடி, பக்கத்துக் காலி சைட்டில் போய் விழும். அந்தச் சைட்டில் அப்போது முழங்கால் அளவு மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. நான் போட்ட கூச்சலில் பனியன் கம்பெனியில் இரவு ஷிப்ட் தைத்துவிட்டு வந்து தூங்கிக்கொண்டிருந்த ஒடிசாக்காரர் எழுந்து வந்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை. ஓடுகிற தண்ணீரையும் அதில் துள்ளுகிறதையும் ஒரு பார்வை பார்த்தார். "மச்சா! மச்சா!" என்று, மீனுக்கு அவர் பாஷையில் உள்ள பெயரைக் கத்திக்கொண்டே கழுத்தில் கிடந்த துண்டை விரித்துச் சாக்கடையில் இறங்கிவிட்டார். நான் குவளையோடு இறங்கினேன். அம்மா சல்லடையோடு இறங்கினாள். சின்ன அக்கா நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "அந்தா போகுது, அந்தா போகுது" என்று கை காட்டினார். பெரிய அக்கா கொசுப்புழு அள்ளும் அகப்பையால் இரண்டு மீன் பிடித்தார்.

சத்தம் கேட்டு வீட்டுக்காரர் மாடிப்படியில் பாதி இறங்கி நின்றார். "இதுக்குத்தானுங்க நான் அப்பவே சொன்னேன், மீனு கீனெல்லாம் வேண்டாமுன்னு! ஊட்டைக் கொசுக் காடாக்கி வெச்சிருக்கறாங்கொ!"

பெரிய அக்கா அகப்பையைக் கழுவிக்கொண்டே, "வாங்க சாமி, உங்க ஊட்டையும் பாத்துரலாம்" என்று மேலே போனார். ஐந்தே நிமிஷத்தில் திரும்பினார். வீட்டுக்காரரின் பிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டுகிற தட்டில் என் டிரம்மை விடக் கொழுத்த புழு. நோட்டீஸ் அவர் பெயருக்குப் போனது. அதற்குப் பிறகு மீனைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. என் புழு டிரம்மைப் பெரிய அக்கா தானே கவிழ்த்துவிட்டு, "இனி இந்த வேலை வெச்சுக்காத கண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கிடைத்தது பதினாறு மீன். பெரும்பாலும் நிறமில்லாத பெண் மீன்கள். மற்றதெல்லாம் காலி சைட்டுக்குள் போய்விட்டது.

சாயங்காலம் கடைக்கார அண்ணனுக்கு போன் போட்டேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

"மீனுக்குச் சளிங்ண்ணா" என்றேன்.

"மீனுக்குச் சளியா?"

"ஆமாங்ண்ணா. மழையில்லீங்களா."

அந்தப் பக்கம் கடையில் யாரிடமோ அதைச் சொல்லிச் சிரித்தார். அப்புறம், "சரி, தீபாவளிக்கு முந்துன ஞாயித்துக்கெழமை கொண்டா. அன்னிக்கும் இருமுதுன்னு சொல்லீராத" என்றார்.

இடையில் மூன்று மாதம் இருந்தது. நான் வேனில் ஏறப் பழகிக்கொண்டேன். அதாவது, காலையில் ஏழே முக்காலுக்கு தெருமுனைக்குப் போய், கம்பெனி வேன் வருவதையும் போவதையும் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வருவேன். ஊசியைப் பற்றியும் அம்மாவிடம் விசாரித்துக்கொண்டேன். "முனை கெடைக்கவே இல்லீன்னா என்ன பண்ணுவாங்கம்மா?" அவள், "உன்னையத் தேடச் சொல்லுவாங்கொ" என்றாள்.

மூன்றாவது மாதம் அந்த இரண்டு அக்காக்களும் மறுபடி வந்தார்கள். காலி சைட்டுத் தண்ணீரில் அகப்பையை விட்டுப் பார்த்த பெரிய அக்கா என்னைக் கூப்பிட்டார். மாசக்கணக்காக அந்தத் தண்ணீரைப் பற்றி மேலே எழுதிப் போட்டும் யாரும் வந்து பார்க்கவில்லையாம். இப்போது ஒரு புழு இல்லை. "உன்ற மீனு மேஞ்சிருச்சு கண்ணு. எட்டிப் பாரு."

எட்டிப் பார்த்தேன். தண்ணீருக்கடியில் வால்கள். சிவப்பு, மஞ்சள், நீலம், புள்ளி வைத்தது. என் டிரம்மில் இருந்தபோது இருந்ததைவிட ஒரு சுற்றுப் பருத்து, வால் விசிறி மாதிரி விரிந்திருந்தது. ஊரின் கொசுப்புழு முழுக்கத் தின்று வளர்ந்த மீன்கள்.

சொன்ன ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நான், அம்மா, ஒடிசாக்காரர் மூன்று பேரும் ஒரு பழைய கொசுவலையை எடுத்துக்கொண்டு இறங்கினோம். அவர் வலையை ஒரு ஓரமாக இழுத்த விதத்தைப் பார்த்தால், அவருக்குத் தையல் மெஷின் கொடுத்தது தப்பு என்று தோன்றும். அங்கேயே குட்டி போட்டு வளர்ந்ததையும் சேர்த்து எழுபது ஜோடிக்கு மேல் வந்தது. நல்ல தண்ணீரில் மூன்று தடவை மாற்றினேன். மோந்து பார்த்தேன். நான்காவது தடவையும் மாற்றினேன்.

ஐம்பதை எண்ணிப் பையில் போடப் போனபோது அம்மா நிறுத்தினாள். "செக்கிங் பண்ணாம சரக்கு வெளிய போகக்கூடாது."

டியூப் லைட்டுக்குக் கீழே வெள்ளைக் கிண்ணத்தை வைத்து உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொரு மீனாகக் கிண்ணத்தில் விட்டுப் பார்த்தாள்.

"இது வாலு ஓரத்துல கிழிசல். தள்ளு."

"அது நீந்தறப்பத் தெரியாதும்மா."

"சரக்கு வாங்கற பையருக்குத் தெரியும். இது ஷேடு மாறுது பாரு, இந்தப் பக்கம் செவப்பு, அந்தப் பக்கம் வெளுப்பு. தள்ளு. இது என்ன, கறையா?"

"அது புள்ளிம்மா. பொறப்புலயே இருக்கற புள்ளி."

"அப்ப எல்லாத்துலயும் இருக்கோணுமே? தள்ளு."

கடைசியில் தேறியது நாற்பத்தொரு ஜோடி. இன்னும் ஒன்பது ஜோடியைத் தள்ளியதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். அழுதும் பார்த்தேன். "கொறைச்சுக் குடுத்தாச் சொல்லிக்கலாம். டேமேஜ் குடுத்துட்டு என்ன சொல்லுவே?" என்றாள்.

பல்லடம் பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பிரேக்குக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு போனேன். கடைக்கார அண்ணன் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் செத்தேன்.

"எங்கிருந்தும்மா எறக்குமதி பண்ணுனே? வாலு இப்புடி விரிஞ்சு நான் பாத்ததே இல்ல. என்ன தீனி போடறே?"

"வீட்டுத் தீனிதானுங்ண்ணா."

"ஒண்ணுல கூட ஒரு கொறை இல்லையே!"

நாற்பத்தொன்றுதான் இருக்கிறது, மீதிக் காசைத் திருப்பித் தருகிறேன் என்றேன். கையை ஆட்டினார். "காசு எவனுக்கு வேணும்? இதே மாதிரி ஒம்பது ஜோடி கொண்டா. எப்பக் கொண்டாந்தாலும் சரி."

தீபாவளி லீவு முடிந்து கம்பெனி திறந்த அன்று காலை, நான் தலை சீவி, டிபன் டப்பாவோடு வாசலில் நின்றேன். கைக்குக் காசு ஒன்றும் வரவில்லை, முன்பணம் கழிந்ததோடு சரி. பேச்சுப்படி அது தோல்வியா ஜெயிப்பா என்று எனக்கே தெரியவில்லை. அம்மா என் கையிலிருந்து டப்பாவை வாங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். "ரெண்டு டப்பா இருந்தா மத்தியானம் எனக்கு எச்சாப் பசிக்கும்போலிருக்குது" என்று சொல்லிவிட்டு வேனுக்கு நடந்தாள். பாதி தூரம் போனவள் திரும்பி, "அம்பை மட்டும் தொட்டுராத!" என்று கத்தினாள்.

இன்றைக்கு எங்களிடம் தொட்டிகள் பதினான்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா டியூப் லைட்டுக்குக் கீழே உட்காருகிறாள். பல்லடம் கடைக்குத் தொடர்ந்து மீன் போகிறது. அந்த அண்ணன் அதற்கெல்லாம் காசு சரியாகக் கொடுத்துவிடுகிறார். ஆனால் ஒவ்வொரு தடவையும் பையை வெளிச்சத்தில் பிடித்து, "நல்லாத்தான் இருக்குது. ஆனா மொதல்ல கொண்டாந்த அந்த லாட்டு மாதிரி இல்ல" என்கிறார். அந்தக் காலி சைட்டில் மறு வருஷமே மண்ணைக் கொட்டிக் குடோன் கட்டிவிட்டார்கள். அதை அவரிடம் எப்படிச் சொல்வது? பணமாக நீட்டினால் வாங்கமாட்டேன் என்கிறார்; மீன்தான் வேண்டுமாம். அந்த ஒன்பது ஜோடிக்கான ரூபாயை மடித்து ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன். பஸ் ஏறும்போதெல்லாம் எடுத்துக்கொண்டு போய், அப்படியே திரும்பக் கொண்டு வருகிறேன். ஒன்பது ஜோடி, ஜோடி இருபது வீதம், நூற்று எண்பது ரூபாய் பாக்கி.