மனுவில் இல்லாத பெயர்

போன வாரம் கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி போன் செய்தார். வயது முப்பத்தெட்டு. சமையலுக்கு நடுவே அரசுத் தேர்வுக்குப் படிக்கிறாராம்.

"சார், நீங்க இங்கிலீஷ் வாத்தியாரா இருந்தவங்கதானே? இந்த ஆக்டிவ் வாய்ஸ், பாஸிவ் வாய்ஸ் மட்டும் மண்டையில ஏறவே மாட்டேங்குது. சுருக்கமா சொல்லுங்களேன்."

எத்தனை ஆயிரம் தடவை சொன்ன பாடம்! அலுப்போடு ஒப்பித்தேன்.

"செஞ்சவர் முன்னால நின்னா ஆக்டிவ்ம்மா. செஞ்சவர் 'by'ங்கற சொல்லுக்குப் பின்னால போயிட்டா பாஸிவ்."

"அந்த ஆளையே விட்டுட்டா?"

"தாராளமா விடலாம். தப்பே இல்ல."

போனை வைத்த பிறகு அந்தப் பதிலையே திரும்ப யோசித்தேன். தப்பே இல்லையா?

மாயவரம் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் நான் வேலை பார்த்த காலம். குத்தகைக்காரர் பெயரைப் பதிவு செய்யச் சட்டம் வந்திருந்தது. மேடையெல்லாம் தமிழ் முழங்கியது. ஆனாலும் தாலுகா ஆபீஸில் இங்கிலீஷ் மனுவுக்குத்தான் மரியாதை என்று ஊர் நம்பியது.

அஞ்சலையும் நம்பினார். கணவர் போன பிறகு, மூன்று மா — சுமார் ஒரு ஏக்கர் — குத்தகை நிலத்தைத் தனியாகப் பயிரிட்டவர். தன் பெயரைப் பதியச் சொல்லிக் கேட்டார், அவ்வளவுதான். நட்டுப் பத்து நாள் ஆன பயிரை, நிலத்துச் சொந்தக்காரரான மிராசுதாரின் ஆட்கள் பிடுங்கி வரப்பில் எறிந்துவிட்டார்கள்.

"யாரு செஞ்சதுன்னு பேரோட எழுதுங்க சார்" என்று வந்து நின்றார்.

எழுதினேன். 'பயிர் பிடுங்கப்பட்டது' என்று. சுத்தமான இங்கிலீஷ், அழகான பாஸிவ்... ஆள் மட்டும் இல்லை. நான் குடியிருந்த வீடு அதே மிராசுதாருடையது. பள்ளிக்கூடக் கமிட்டியிலும் அவர்தான் தலைவர்.

"படிச்சுக் காட்டுங்க சார்."

படித்தேன் — தமிழில், மிராசுதாரின் பெயரோடு! அஞ்சலை தலையை ஆட்டிவிட்டுக் கைநாட்டு வைத்தார்.

விசாரணைக்கு நான் போகவில்லை. காய்ச்சல்... என்று சொல்லிவிட்டேன். சாயங்காலம் அஞ்சலை பஸ்ஸை விட்டு இறங்கி நேராக என் வீட்டுக்கு வந்தார்.

"யாரு மேல புகாருன்னே இதுல இல்லைன்னு தள்ளிட்டாரு சார் அந்த ஆபீசர். வாயால சொன்னேன், எழுத்துல இல்லாதது செல்லாதுங்கறாரு. நான் விடுவேனா? 'எங்க சார் எழுதியிருக்காங்க, நீங்கதான் பயந்துகிட்டுப் படிக்க மாட்டேங்கறீங்க'ன்னு சத்தம் போட்டுட்டேன். வெளியில புடிச்சுத் தள்ளிட்டாங்க சார்."

எனக்காகச் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறார். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"ஆமா அஞ்சலை... பயந்த ஆளுங்க அப்படித்தான்."

அடுத்த சம்பாவுக்கு அந்த நிலத்தில் வேறு ஆள் இறங்கினார். அஞ்சலை அதே வயலில் கூலிக்கு நடவு நட்டார். நான் சைக்கிளில் போனால், சேற்றுக் கையோடு நிமிர்ந்து கும்பிடுவார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்தக் கும்பிடுக்குப் பயந்துதான் வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு கிளம்பினேன்.

கும்பகோணத்து அம்மா, நான் 'தப்பே இல்ல' என்று சொன்னது பரீட்சைக்கு மட்டும்தான்.

இத்தனை வருஷம் கழித்து, வயதான மனுஷன் மனசைத் திறந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டான் என்று நினைக்கிறீர்களா? மறுபடி ஒருமுறை படித்துப் பாருங்கள் — மிராசுதாரின் பெயரை நான் இன்னும் எழுதவில்லை.