தென்கிழக்கில் கூடுதல் நாற்பத்தெட்டு

சுரங்கம் ஓடிய காலத்தில் அவர் விளக்கறையில் இருந்தார். கீழே இறங்குகிறவருக்குத் தலைவிளக்கைக் கொடுத்து, எண் பொறித்த பித்தளை வில்லையை வாங்கி ஆணியில் மாட்டுவார். ஏறி வந்து விளக்கைத் திருப்பினால் வில்லை கைக்குப் போகும். முப்பத்தொரு வருடம் அதே வேலை. வில்லைக்காரர் என்றால்தான் யாருக்கும் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி.

பதினான்கு வருடங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து நாற்பதுக்கு, மூன்றாம் மட்டத்தின் ஏழாம் குடைவு சரிந்தது. மாலையில் ஒரே ஒரு வில்லை ஆணியில் மிச்சம். அது அவருடைய தங்கை கணவனுடையது. குடைவு முழுக்கக் கல் நிரம்பிவிட்டது, ஆள் அந்தக் கணமே போயிருப்பான் என்றார் பொறியாளர். தங்கை ஒப்பவில்லை. சுரங்கத்திலிருந்து குடியிருப்புக்கு வரும் தண்ணீர்க் குழாயில் யாரோ தட்டுகிறார்கள் என்று வாசல் வாசலாகப் போய்ச் சொன்னாள். குழாயில் காற்று அடைத்தால் அப்படித்தான் தட்டும் என்று அவளை அடக்கியது அண்ணன்தான். வியாழக்கிழமை மதியம், தோண்டுவதை நிறுத்தும் தாளில் குடும்பத்தின் சார்பில் கையெழுத்துப் போட்டதும் அவரே. அதற்குப் பிறகு அவளுக்குக் குழாய்க்காரி என்று பட்டம் வந்தது. புத்தி பிசகியவள் என்று பக்கத்து வீட்டார் பிள்ளைகளைக்கூட அனுப்பமாட்டார்கள். வீட்டுக்குள் வந்த குழாயை அவள் பிடுங்கி எறிந்துவிட்டாள். தெருமுனையிலிருந்து குடத்தில்தான் தண்ணீர்.

சுரங்கம் மூடியபின் பல்கலைக்கழகத்தார் ஐந்தாம் மட்டத்தில் ஒரு கருவியை வைத்து, அதற்கு அவரைக் காவலாக்கினார்கள். பேராசிரியர் முதல் நாளே விளக்கிச் சொன்னார். விண்மீன்கள் வெடித்துச் சிதறிய இடங்களிலிருந்து காஸ்மிக் கதிர்கள் கிளம்புகின்றன. அவை நம் காற்றில் மோதி உடைந்து, மியூவான் என்கிற பொடித் துகள்களாகக் கல்லையும் துளைத்துக்கொண்டு இறங்குகின்றன. எங்கிருந்து வந்தவை என்பதுதான் தெரியாது. வழியெல்லாம் காந்தப் புலங்கள் அவற்றைத் திருப்பித் திருப்பி விட்டுவிடும்.

"காமா கதிர் நேரா வரும், வில்லைக்காரரே. வீட்டு விலாசத்தைக் காட்டிக் குடுத்துடும். இதுங்க ஊர் பேர் சொல்லாத விருந்தாளிங்க. ஒரே ஒரு திசையில மட்டும் கூட்டம் ஜாஸ்தியா வந்தா, ஒருத்தன் வீட்டைக் கண்டுபிடிச்சோம்னு அர்த்தம்."

தினமும் காலை எட்டு மணிக்கு அவர் இறங்குவார். விளக்கை அணைத்தால் தன் கையே தனக்குத் தெரியாத இருட்டு. அதில் கருவி மட்டும் 'டக்' என்னும். எங்கோ செத்துப்போன விண்மீன் ஒன்றின் தூசி, தன் தோளுக்குள்ளும் புகுந்து போயிருக்கும் என்று நினைக்கையில் தோளைத் தேய்த்துக்கொள்வார். பேராசிரியர் கேட்டது நாள் கணக்கு. இவர் கைப்பழக்கத்தில் மணிவாரியாகவும் எழுதி வைத்தார்.

அறுபத்தொரு நாளில் அது வந்தது. மற்ற ஒவ்வொரு திசையிலும் நாளுக்குச் சராசரி இருநூற்றுப் பன்னிரண்டு. தென்கிழக்குச் சாய்வில் மட்டும் இருநூற்றறுபது. பேராசிரியர் போனில் குதித்தார்.

"ஒருத்தன் சிக்கிட்டான்யா! மணிக்கணக்கு உங்ககிட்ட இருக்கும்னு எனக்குத் தெரியும். நாளைக்கு வர்றேன், எடுத்து வைங்க. வானத்துல இருக்கிற எதுவும் தினம் நாலு நிமிஷம் முந்தி வரும். அதைக் காட்டிட்டா போதும்."

அன்று அவர் கீழேயே உட்கார்ந்து கூட்டினார். அறுபத்தொரு நாளுக்குள் அந்தக் கூட்டம் நான்கு மணி நேரம் முந்தியிருக்க வேண்டும். முந்தவில்லை. பின்தங்கவும் இல்லை. காலை, மதியம், மாலை என எல்லா மணியிலும் அதே அளவு கூடுதல். வானம் சுற்றுகிறது, இது அசையாமல் நிற்கிறது. அப்படியானால் இது வானத்தில் இல்லை. அந்தப் பக்கம் தடுக்கிற கல் குறைவு, அதனால்தான் கூடுதலாக இறங்குகின்றன.

சுரங்க வரைபடத்தில் அளவுகோலை வைத்து, கருவி இருக்கும் இடத்திலிருந்து மேல்நோக்கித் தென்கிழக்காகச் சாய்த்துக் கோடு இழுத்தார். கோடு மூன்றாம் மட்டத்தில் ஏழாம் குடைவுக்குள் போய் நுழைந்தது. முதுகுக்குப் பின்னால் கருவி 'டக்' என்றது. எந்தத் திசையிலிருந்து என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

மணிக்கணக்கைக் கொடுக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. நோட்டு நனைந்துவிட்டது என்று சொல்லலாம். அடுத்த இரண்டு மாதக் கணக்கு சேரும்வரை அந்தக் கணம், அந்தப் பொறியாளர் சொன்ன கணம், அப்படியே இருக்கும். இரவெல்லாம் நோட்டு தலைமாட்டில் கிடந்தது.

காலையில் கொடுத்துவிட்டார். பேராசிரியர் இரண்டு பக்கம் புரட்டியதும் முகம் தொங்கிப்போயிற்று.

"ஓட்டை... விண்மீன் இல்ல, ஓட்டை. எட்டு ஒம்பது மீட்டர் வெறும் காத்து. உள்ள என்னய்யா இருக்கு?"

"என் தங்கச்சி வீட்டுக்காரர், ஐயா" என்றார் வில்லைக்காரர்.

தங்கை முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னண்ணே, வேலை நாள்ல வந்து நிக்கிற? லிஃப்ட் அறுந்துபோச்சா?"

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். முறம் நின்றது.

"எவ்வளவு பெருசு?"

"இந்த ரெண்டு ரூமையும் சேர்த்தா வரும்."

"நிக்க முடியுமா?"

"முடியும். நாலு எட்டு நடக்கலாம். இடம் இருந்துச்சுன்னு மட்டும்தான்மா தெரியுது. அவரு அதுக்குள்ள..."

"போதும். மீதி எனக்குத் தெரியும்." அவள் அழவில்லை. காகிதத்தையும் பேனாவையும் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். "நான் பைத்தியம் இல்லைன்னு உன் கையால எழுதிக் குடு. உன் கையெழுத்தைத்தானே எல்லாரும் நம்புவாங்க."

தேதி போட்டு எழுதினார்: 'குழாயில் மூன்று நாள் தட்டும் சத்தம் கேட்டதாக என் தங்கை சொன்னாள். காற்று என்று சொன்னவன் நான். நான் சொன்னது தவறு.'

அவள் விரல் வைத்துப் படித்தாள்.

"மூணு இல்லண்ணே, நாலு. வெள்ளிக்கிழமையும் கேட்டுச்சு. உன்கிட்ட சொல்லலை. நீதான் முந்தின நாளே கையெழுத்துப் போட்டுட்டியே."

'மூன்று' என்பதை ஒரே கோட்டில் அடித்து, மேலே 'நான்கு' என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பமிட்டார். பேனா தாளை விட்டு எழவில்லை.

"வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு?"

"சாயங்காலம் அஞ்சே காலுக்கு. ரெண்டு தடவை."

எழுதினார்.