தலைவர்கள் இல்லாத போஸ்டர்

போஸ்டர் விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம் என்று திமிராக இருந்த காலம் அது. மதுரைக்காரி நான். படிப்பு முடிந்ததும் ஊரில் கட்சி பேனர்கள் வடிவமைத்துத்தான் கை பழகினேன். கல்யாணமாகி துபாய் வந்து, அல் கூஸில் ஓர் அச்சகத்தில் டிசைனராகச் சேர்ந்த பிறகும் அந்தக் கை மாறவில்லை.

ஒரு நாள் காலை ஒரு பிரெஞ்சுக்கார அம்மா வந்தார். அறுபது வயதிருக்கும். கழுத்தில் ஒற்றைச் சரம் முத்து, கையில் தடிமனான ஃபைல். இங்கே வாழும் பிரெஞ்சுக்காரர்கள் தங்களுக்கென்று ஓர் ஆலோசனை சபைக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கிறார்களாம். போஸ்டரும் ஓட்டும் தூதரக மதிலுக்கு உள்ளேயே. பழைமை பேசும் வலதுசாரிக் கட்சியின் வேட்பாளர் பட்டியலுக்கு இவர்தான் தலைமை. இந்தப் பக்கத்தில் அந்தக் கட்சியில் அப்படி நிற்கும் முதல் பெண். எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. எலெக்‌ஷன் வேலை கைக்கு வந்து எத்தனை வருஷமாயிற்று!

மேலே எந்தெந்தத் தலைவர் படம் என்று கேட்டேன். உள்ளூர்க் கமிட்டித் தலைவர் கட்சியின் பெரிய தலைவர்கள் என்று இரண்டு ஆண்களின் படத்தை அனுப்பியிருக்கிறார், கட்டாயம் போட வேண்டுமாம் என்று அலுத்துக்கொண்டார். அட, நம்மூர் வழக்கம் அங்கேயும் உண்டா என்று எனக்கு ஒரே குஷி.

டிசைன் தயாராகும்வரை டீ குடித்தபடி தன் கதையைச் சொன்னார். இருபது வயதில் கட்சி நோட்டீஸ் கொடுக்கப் போனவரைக் கூட்டத்தில் காபி போடச் சொன்னார்களாம். போட்டிருக்கிறார், பத்து வருஷம். பிறகு தன் ஊர்க் கிளைக்கு முதல் பெண் செயலாளர். நகராட்சியில் விழாவும் பள்ளிக்கூடமும் பார்க்கும் பொறுப்பு. பட்டியலில் ஆணும் பெண்ணும் மாறி மாறி வர வேண்டும் என்று சட்டம் வந்ததும் எப்போதும் இரண்டாவது பெயர் இவருடையது, முதல் பெயர் யாரோ ஓர் ஆள். கணவரின் வேலைக்காக இங்கே வந்தபோதும் அதே இரண்டாமிடம். இந்தத் தடவை முதலிடம் தராவிட்டால் பெயரே வேண்டாம் என்று சண்டை போட்டு வாங்கியிருக்கிறார். பெண் விடுதலை என்று நான் ஆரம்பித்ததும் முகத்தைச் சுளித்தார். குடும்பம், சர்ச், ஒழுங்கு என்று இருப்பவராம் அவர். சரிதான், எனக்கென்ன வந்தது!

டிசைனுக்குச் சரி சொல்லிவிட்டுப் போனார். அப்போது நான் சும்மா இருந்திருக்கலாம். போஸ்டர் சோகையாக இருக்கிறதே என்று, தலைவர்கள் படத்துக்குப் பின்னால் ஒரு சாண் பட்டைக்கு நீலம், வெள்ளை, சிவப்பு மூன்றையும் இழுத்துவிட்டேன். தேசியக் கொடியை எந்தக் கட்சிக்காரர் வேண்டாம் என்பார்? கேட்காமலே நாற்பது போஸ்டரும் அடித்து முடித்தாயிற்று.

மறுநாள் ஒரு மணிக்கு வந்து கட்டைப் பிரித்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர்கள் சட்டப்படி தேர்தல் போஸ்டரில் அந்த மூன்று நிறங்களும் சேர்ந்து வரக்கூடாதாம். கொடியை எந்த வேட்பாளரும் சொந்தம் கொண்டாட முடியாது. மூன்று மணிக்குள் போஸ்டர் போய்ச் சேராவிட்டால் தூதரகப் பலகையில் அவருடைய இடம் காலி. போஸ்டர் அடித்த கனத் தாளோ தீர்ந்துவிட்டது. ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் தேராவிலிருந்து வரவழைத்து அடிப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. நாற்பது வருஷ உழைப்பை என் அதிகப்பிரசங்கித்தனம் ஒரே நாளில் கெடுத்துவிட்டதே!

பட்டையை மட்டும் வெட்டிவிடலாம் என்றேன். ஆனால் தலைவர்களும் அதோடு போய்விடுவார்கள். அவர் கமிட்டித் தலைவருக்கு போன் போட்டார். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனாலும் அந்தக் குரல் முடியவே முடியாது என்றது நன்றாகப் புரிந்தது. அந்த அம்மா போனைப் பைக்குள் போட்டார். படத்திலிருந்த இருவரையும் ஒரு தடவை பார்த்தார்.

“வெட்டுங்கள்” என்றார்.

கட்டிங் மெஷின் பார்க்கிற அண்ணன் சிவகங்கைக்காரர். விஷயத்தைச் சொன்னதும் பின்வாங்கினார்.

“தலைவருக தலையவா வெட்டச் சொல்றீக? நம்மூர்ல இதச் செஞ்சா கடையவே ஒடச்சிருவாய்ங்க தங்கச்சி.”

அந்த அம்மாவுக்கு அதை இங்கிலீஷில் மொழிபெயர்த்தேன். எழுந்து வந்து, தானே வெட்டுவதாகச் சொன்னார். இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் அந்தக் கத்தி இறங்கும். அண்ணன் கட்டை அளந்து வைத்து, அழுத்த வேண்டிய இடத்தைக் காட்டினார். அவர் முத்துச் சரத்தைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு அழுத்தினார். நாற்பது போஸ்டரும் ஒரே வெட்டில் குட்டையாயின. எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது, தட்டியும்விட்டேன்.

யல்லா, யல்லா, சீக்கிரம் என்று டாக்ஸியில் ஏற்றி அனுப்பிவிட்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒரு படம் வந்தது. தூதரகப் பலகையில் எல்லாருடையதையும்விட ஒரு சாண் குட்டையாக அவர் போஸ்டர். அதில் அவர் முகம் மட்டும். பிறகு தேர்தலில் ஜெயித்தும்விட்டார். முடிவு வந்த அன்றைக்கு வீட்டில் நான் கேசரி கிண்டினேன்.

அடுத்த தேர்தலுக்குள் அவர் பாரிஸில் கட்சியின் மேல்மட்டத்துக்குப் போயிருந்தார். இந்தத் தடவை போஸ்டர் அடிக்க எங்களிடம் வந்தவர் அந்தக் கமிட்டித் தலைவர். அவரே வேட்பாளர். மேலே வைக்க வேண்டிய படம் என்று ஒன்றை மேஜையில் வைத்தார். அதே முத்துச் சரம்.

“கொஞ்சம் பெரிதாகவே போடுங்கள்” என்றார்.

போட்டேன். பின்னால் வெறும் வெள்ளைதான் விட்டேன். அந்தப் பட்டையை யாரும் வெட்டும்படி ஆகிவிடக்கூடாது.