கிளிக்கு வைத்த பப்பாளி

சண்டை முடிந்த மறுவருஷம் எங்கள் கப்பல் கம்பெனித் துரை சீமைக்குப் புறப்பட்டார். கம்பெனியில் கடிதங்களைப் படியெடுக்கும் குமாஸ்தா நான். தன் கிளியை யார் வளர்க்கிறீர்கள் என்று அவர் எல்லோரையும்தான் கேட்டார். முந்திக்கொண்டு கையைத் தூக்கியது நான். எங்கள் அப்பா சங்கு குளித்தவர். அண்ணன் கொழும்புத் தோணியில் போகிறவன். வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவன் நான் ஒருவனே. துரை வீட்டுக் கிளி எங்கள் வாசலில் தொங்குவது என் படிப்புக்கு வந்த மரியாதை என்று நினைத்தேன். கூண்டைத் தூக்கிக்கொண்டு, நாலு பேர் பார்க்கட்டும் என்று கடற்கரைச் சாலையைச் சுற்றி வீட்டுக்கு வந்தேன்.

துரை கொடுத்துப் பழக்கியபடி அதற்கு நிலக்கடலையும் பிஸ்கோத்தும் வாங்கிப் போட்டேன். அரிசியை ரேஷனில் அளந்து கொடுத்த காலம். வீட்டில் எங்களுக்குக் கஞ்சியும் கருவாடும்தான். கிளிக்குக் குறை வைக்கவில்லை.

ஒரு மாதத்துக்குள் அதன் வலது கண்ணில் நீர் வடிந்தது. இமை வீங்கி, ஓரத்தில் மஞ்சளாகப் பொருக்குக் கட்டியது. கூண்டுக் கம்பியில் முகத்தைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். "ஏலே, தொரை கிளிக்கு வெள்ளெழுத்து வந்துட்டோ? ஒரு கண்ணாடி வாங்கி மாட்டி விடு" என்றார் எதிர்வீட்டு அண்ணாச்சி. தெருவே சிரித்தது. எனக்கு அழுகை வந்தது.

ஆடுமாடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். கம்பவுண்டர் கண்ணைப் பார்க்கும் முன்பே, என்ன தின்கிறது என்று கேட்டார். சொன்னேன். கடலையையே போட்டால் கண் கெடாமல் என்ன செய்யும், கீரையும் பழுத்த மிளகாயும் பப்பாளியும் கொடு, வெந்நீரில் கண்ணைத் துடை என்றார். அவர் சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டு வந்து, அம்மாவையும் அண்ணன் பெண்டாட்டி மதினியையும் உட்காரவைத்து வாத்தியார் மாதிரி வாசித்துக் காட்டினேன்.

மதினிக்கு அப்போது ஆறு மாதம். அண்ணன் தோணியோடு போயிருந்தான். மதினி முன்போல் இல்லை என்பதை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மாதா கோயிலில் அந்தி மணி அடித்தால் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பாள். தண்ணீர்க் குடத்தில் இடிப்பாள். ஒருநாள் கிளியின் தண்ணீர்க் கிண்ணத்தைத் தட்டிவிட்டாள். "கண்ணத் தொறந்து நடங்க மதினி" என்று எரிந்து விழுந்தேன். அவள் தரையைக் கையால் துழாவிக் கிண்ணத்தை எடுத்தாள். துழாவினாள் என்பது பிறகுதான் என் மனதில் பட்டது.

தினமும் வேலைக்குப் போகுமுன் பப்பாளியைத் துண்டு போட்டு, தட்டில் மூடிவைத்துப் போவேன். மத்தியானம் கிளிக்கு வைக்க வேண்டியது அம்மாவின் வேலை. துண்டு குறைகிறது என்று அம்மா சொன்னாள். எலி என்றாள். நான் நம்பவில்லை. மறுநாள் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே சொல்லாமல் வந்தேன். கொல்லையில் முருங்கை மரத்தடியில் குந்தி உட்கார்ந்து, மதினி பப்பாளி தின்றுகொண்டிருந்தாள்.

"கிளி வாயில போறதப் பறிச்சித் திங்கணுமா மதினி?"

சத்தம் கேட்டு அம்மா ஓடி வந்தாள். அவளுக்குக் கிளி பெரிதில்லை, பப்பாளிதான் பெரிது. "வயித்துல புள்ளய வச்சிக்கிட்டு இதத் திங்கலாமா ஏளா? கரு தங்குமா? அவன் வந்து கேட்டா நான் என்ன சொல்லுவேன்?" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மதினி முந்தானையால் வாயைத் துடைத்தாள். என்னைப் பார்த்துத்தான் பேசினாள்.

"நீங்கதான தம்பி வாசிச்சீய, இதத் தின்னா கண்ணு நல்லாவும்னு. அந்தி சாஞ்சா எனக்கு ஒண்ணுமே தெரியமாட்டக்கு. புள்ள பொறந்தா மொகத்தப் பாக்கணும்லா."

எத்தனை நாளாக என்று கேட்டேன்.

"கிளி வாரதுக்கு முந்தியே."

நோட்டு சட்டைப் பையில்தான் இருந்தது.

மறுநாள் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் மாலைக்கண் என்றார். நல்ல வேளை, முற்றவில்லை; கீரை சாப்பிடட்டும், இந்த மீனெண்ணெயைக் குடிக்கட்டும் என்று ஒரு புட்டியைக் கொடுத்தார். சுறா ஈரலில் எடுத்த எண்ணெய். அதைத்தான் அண்ணன் தோணிப் பலகைக்குப் பூசுவான். யாரம்மா உன்னை இங்கே வரச் சொன்னது என்று டாக்டர் கேட்டார். மதினி என் பக்கம் கை காட்டினாள்.

"எங்க கொழுந்தன் படிச்சவிய. அவியதான் கண்டுபிடிச்சாவ."

டாக்டர் என் தோளில் தட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்.

கிளிக்கு இடது கண் தப்பியது. வலது கண்ணில் பூ விழுந்துவிட்டது. மதினிக்கு மூன்று வாரத்தில் அந்தியிலும் பார்வை தெளிந்தது. பிள்ளை பிறந்ததும் விளக்கடியில் வைத்து அதன் காது, விரல், நகம் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் வந்தபோதும் அவள் அதே கதையைத்தான் சொன்னாள். அவன் கொழும்பில் தனக்கு வாங்கியிருந்த சட்டைத்துணியை எனக்குக் கொடுத்துவிட்டு, எதிர்வீட்டு அண்ணாச்சியிடம் போய், என் தம்பி படிச்ச படிப்பு என் பெண்டாட்டி கண்ணைக் காப்பாற்றியது என்றான். நான் வாசலில் கிளிக்குக் கீரை கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அந்தத் துணியைத் தைத்துப் போட்டுக்கொண்டு கோயிலுக்கும் போனேன்.

அண்ணன் மறுபடி கடலுக்குப் போய்விட்டான். அவன் திரும்பி வந்ததும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு முறையும் நினைக்கிறேன்.